குழாய்க்குள் ஒரு கண்

அத்தியாயம் 14

அத்தானின் நெற்றிக் கட்டைப் பிரித்தாயிற்று. ஆனால் அவர் மனைவி பெரியவளின் மனசில் விழுந்த முடிச்சு அவிழவில்லை.

போன வாரம் நடந்தது அப்படி. பொழுது சாயும் நேரத்தில் தெருக்குழாய் பீறிட்டது. ஊருக்கெல்லாம் குழாய் பழுது பார்க்கிறவர் வீட்டு வாசலிலேயே தண்ணீர் வீணாகப் போனால் மானம் என்னாவது? அத்தான் ஓடிப் போய் வால்வை மூடினார். மூடிவிட்டு நிமிர்ந்தபோது வெளிச்சம் அவரைக் கைவிட்டிருந்தது.

அத்தானுக்கு மாலைக்கண். பகலில் மயிரிழை விரிசலைக்கூடத் தப்பவிடாத கண்கள், பொழுது சாய்ந்தால் கடையைக் கட்டிவிடும். படியில் இடறி விழுந்து, தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் வேலையிலிருந்து திரும்பிய பெரியவள் பார்த்தாள். அவள் அழவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மருந்து போட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனிமே இருட்டுற நேரத்துல உங்கள விட்டுட்டு நான் எங்கயும் இருக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவள் தங்கைக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வார்த்தை எதைக் காவு கேட்கப் போகிறது என்பதும் தெரியும்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கை தேய்ந்தவள் பெரியவள். இப்போது சாயங்கால ஷிப்டுக்கு அவளையே பொறுப்பாளராகப் போடுகிறோம் என்கிறார்கள். இன்று வேலை முடிவதற்குள் சரியென்றோ முடியாதென்றோ அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்னக்கா சொல்லப் போற?" என்று காலையில் சின்னவள் கேட்டாள்.

"முடியாதுன்னுதான். வேறென்ன?" பெரியவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் எகிறியது. அதன் தலையில் ஒன்று போட்டாள்.

"டப்பா என்னக்கா பண்ணுச்சு?"

"வாயை மூடுடீ, திருகாணி."

கேமரா பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவள் சின்னவள். எந்நேரமும் உதட்டிடுக்கில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அப்பா அம்மா போன பிறகு அக்காவோடுதான் இருக்கிறாள். அக்கா தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலில் நின்றாள்.

"போயாச்சா?" என்று உள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது.

"போயாச்சு அத்தான்."

"அப்ப எடு, நம்ம பீரங்கிய."

சரக்கறையில் பழைய சாக்குக்கு அடியிலிருந்து அதை வெளியே எடுத்தார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். அத்தான் தன் சரக்கிலேயே நல்லதாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தது. முன்பக்கம் உள்ளே, யாரோ வேண்டாமென்று கழித்த கண்காணிப்புக் கேமராவின் சின்னக் கண்; அதற்கு முன்னால் கண்ணாடி பதித்த ஒரு மூடி. பின்பக்கம், ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு பழைய வீடியோ கேமராவின் பார்வைக் குழல். நெற்றிக்கு மேல் கொம்பு முளைத்தது போல ஒரு விளக்கு.

அந்த விளக்கு எரிவது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. டிவி ரிமோட்டின் நுனியிலிருந்து வருகிறதே, அதே சாதி வெளிச்சம். கேமராவுக்கு அதைப் பார்க்கும் சக்தி உண்டு. பகல் படத்தின் நிறம் கெட்டுவிடக் கூடாதென்று, செய்கிறவர்களே ஒரு நீலக் கண்ணாடித் துண்டை உள்ளே ஒட்டி அதை மறைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டை நகக்கண் அளவு கத்தியால் சின்னவள் நேற்று பெயர்த்து எடுத்திருந்தாள். எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பிரார்த்தனை செய்தாள். கடவுளுக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கும்தான். ஆனாலும் சின்ன வேலை என்று அவர் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவள் நம்பிக்கை.

ஜன்னலைப் போர்வையால் அடைத்தார்கள். சரக்கறை கும்மிருட்டானது. அத்தானின் கை சுவரைத் தேடுவது சின்னவளுக்குக் கேட்டது.

"கண்ணுல வச்சுப் பாருங்க அத்தான்."

குழாய் எதிலோ உரசித் திரும்பும் சத்தம் கேட்டது.

"அத்தான்? ஏதாச்சும் தெரியுதா?"

"விளக்குமாறு" என்றார் அத்தான். "விளக்குமாறு தெரியுது. அதுக்குப் பக்கத்துல வாளி. வாளியோட கைப்பிடி... அட, அது ஒடஞ்சுல்ல கிடக்கு!" குழாய் மெல்லத் திரும்பியது. "உன்னையும் தெரியுது. கண்ணு ரெண்டும் பூனைக் கண்ணு மாதிரி மின்னுது. ஏன் அழற?"

"நான் எங்க அழறேன்?"

"இருட்டுல பொய் சொன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இனிமே அது நடக்காது, திருகாணி."

இருவரும் சிரித்தார்கள். திட்டம் அங்கேயே முடிவாயிற்று. சாயங்காலம் இருட்டும் நேரத்தில் அத்தான் தனியாக, யார் கையையும் பிடிக்காமல், ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்து போய்ப் பெரியவள் முன்னால் நிற்பார். அதைப் பார்த்த பிறகும் அவள் முடியாது என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

"ஒண்ணும் தொடாதீங்க. நான் வந்து எல்லாத்தையும் இறுக்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கடைக்கு ஓடினாள்.

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்க அத்தான் என்ன கல்லா?

நடுப்பகலில் கடைப் போன் அடித்தது.

"திருகாணி, மாடியில நின்னு பகல் வெளிச்சத்துல பார்த்தேன். கிட்ட இருக்கற கொடிக்கம்பி பளிச்சுன்னு தெரியுது. தூரத்துல இருக்கறதெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்கு."

சின்னவள் தலையில் கை வைத்தாள். "என் தப்பு அத்தான். அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்ததுல லென்ஸோட கணக்கு மாறிடுச்சு. சரக்கறைக்குள்ள வச்சுப் பார்த்ததால கிட்டப் பார்வைக்கு மட்டும் சரியா அமஞ்சுடுச்சு. பயப்படாதீங்க. முன்மூடியக் கழட்டிட்டு லென்ஸ ஒரு துளி திருகினாப் போதும். மூடிய மட்டும் இப்ப கழட்டி வைங்க."

மறுமுனையில் எதையோ திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அத்தான்?"

"மூடிய... ஒட்டிட்டேனே."

"எதால ஒட்டினீங்க?"

"குழாய் ஒட்டற பசையாலதான். மழை வந்தா உள்ள தண்ணி போயிடக் கூடாதேன்னு ஒழுகாத மாதிரி..." பெருமையோடு தொடங்கிய வாக்கியம் பாதியில் நொண்டியது. "நான் ஒட்டினா ஒட்டினதுதான் திருகாணி. இதுவரைக்கும் ஒரு இணைப்பும் பிரிஞ்சதில்ல."

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. எதிரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்ன, உங்க பீரங்கி வெடிச்சிடுச்சா?"

"ஒட்டிக்கிச்சு சார்."

அவர் கணக்கு நோட்டை ஓரமாகத் தள்ளினார். மேஜை இழுப்பறையைத் திறந்து, லென்ஸில் படியும் தூசியை ஊதித் தள்ளுகிற ரப்பர் பந்தை எடுத்து நீட்டினார். கடையில் இருப்பது அது ஒன்றுதான். யாரையும் தொட விடமாட்டார்.

"உள்ள தூள் விழும். இதால ஊது. கிளம்பு. வர்ற கேமராவெல்லாம் ஒரு நாள் பொறுத்துக்கும்."

அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மறுபடி கணக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உதவி செய்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உலகம் உருண்டுகொண்டிருப்பது அவர்கள் புண்ணியத்தில்தான்.

வீட்டில் அத்தான் குற்றவாளி போலக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாள வச்சு அறுத்தா?" என்றாள் சின்னவள்.

"பல்லு உள்ள இறங்கினா உன் கேமராவ நறுக்கிடும்." அத்தான் மூடியைச் சுற்றி விரலால் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "இரு. சுவத்தோட ஒட்டின குழாய்க்கு வாள் போகாது. அப்ப நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?"

பையிலிருந்து நைலான் கயிறு ஒன்றை உருவினார். குழாயை ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியுமாக இழுக்க ஆரம்பித்தார், தயிர் கடைவது போல. சூடேறியது. பிளாஸ்டிக் தீய்ந்த வாசம் வந்தது. கயிறு வெண்ணெயில் இறங்குவதுபோல் வழுவழுவென்று இறங்கியது.

சின்னவள் குழாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். "மெதுவா அத்தான். இன்னும் மெதுவா. உள்ள லென்ஸ் இருக்கு. கடவுளே..."

"நீ கடவுளக் கூப்பிடு. நான் கயிறப் பாத்துக்கறேன்."

டக் என்று மூடி கழன்று விழுந்தது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. சின்னவள் முதலாளியின் பந்தால் ஊதி, மாடிக்குக் கொண்டுபோய்த் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி லென்ஸை நூலிழை அளவு திருகினாள். தொட்டியின் ஏணிப்படிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அறுபட்ட மூடிக்குப் பதிலாக அதே மாதிரி வேறொரு மூடியில், தண்ணீர் கசியாமல் குழாய்த் திருகில் சுற்றுகிற நாடாவைச் சுற்றிச் செருகினார் அத்தான். இந்த முறை பசை டப்பாவைச் சின்னவள் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வானம் சாம்பல் நிறமானபோது புறப்பட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான். சின்னவள் பின்னால் வரலாம். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது.

அத்தான் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். போன வாரம் அவரைத் தள்ளிவிட்ட அதே படி. ஒரு காலை இறக்கினார். மறு காலையும் இறக்கினார். திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் விடுவாரா?

"என்னப்பா, குழாயத் தூக்கிக்கிட்டு எங்க? ஆகாசத்துல ஏதும் அடைப்பா?"

"இல்லண்ணே, உங்க சட்டையில பொத்தான் இல்லன்னு யாரோ சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பொத்தான் இல்லைதான். அந்த இருட்டில் அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய சாலையில் விளக்குகள் குறைவு, மரங்கள் அதிகம். அங்கே வந்ததும் சின்னவள் அவரை நெருங்கி நடந்தாள். குழாய்க்குள் தெரிவது ஒரு சின்ன வட்டம். அத்தான் அதை இடமும் வலமும் அசைத்து அசைத்துப் பார்த்து நடந்தார். மரத்தடியில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அத்தான் நேராக அதை நோக்கிப் போனார். சின்னவளின் கை தானாக முன்னே எழுந்தது. சொன்ன சொல்லை நினைத்து அதை இழுத்துக்கொண்டாள். உதவி செய்வது கஷ்டம்தான். செய்யாமல் நிற்பது அதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் அத்தான் நின்றார். சுற்றிக்கொண்டு போனார். போகிற போக்கில் அதன் மணியை ஒரு தடவை அடித்துவிட்டும் போனார்.

பிறகு அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"திருகாணி, இலையெல்லாம் வெள்ளையா இருக்கு. மரம் பூராவும் பூத்த மாதிரி."

அந்த வெளிச்சத்தில் இலை அப்படித்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பேசக் கூடாதே. தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டியதை அவர் பார்த்தார்.

இலை வெள்ளையாகத் தெரியும் என்றால் வேறு எதெல்லாம் வெள்ளையாகத் தெரியும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அவள் யோசிக்கவில்லை. அவரோ கவலையே படவில்லை. சலவைப் பிரிவில் எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு. மேலாளர் அம்மாவுக்கு மட்டும் கறுப்புக் கோட்டு. ஆனால் அந்தக் குழாய்க்குக் கறுப்பும் தெரியவில்லை, பதவியும் தெரியவில்லை. எல்லாருமே வெள்ளையாகத்தான் தெரிந்தார்கள்.

வேலை முடிந்து பெண்கள் வாசலில் வந்துகொண்டிருந்தார்கள். அத்தான் குழாயை அசைத்தார். பெரியவளின் உயரம், பெரியவளின் கொண்டை, வெள்ளைக் கோட்டு. நேரே போய் நின்றார்.

"வந்துட்டேன் பாத்தியா? தனியா வந்தேன். இனிமே எனக்காக நீ எதையும் விட்டுக் குடுக்க வேணாம். அந்தப் பொறுப்ப ஏத்துக்கோம்மா. நீ இல்லாம அந்த ஷிப்டு உருப்படாதுன்னு எனக்கே தெரியும். உன் மேலாளருக்குத் தெரியாதா? அந்தம்மா சிடுசிடுன்னு இருந்தாலும் ஆள் நல்லவங்கன்னு நீதான சொல்லுவ?"

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் உங்க மனைவி இல்லைங்க" என்றார் கறுப்புக் கோட்டு மேலாளர். "சிடுசிடுன்னு இருக்கற அந்தம்மா நான்தான்."

அத்தான் குழாயைக் கண்ணிலிருந்து இறக்கினார். அதையும் சேர்த்துப் பிடித்தபடி கைகூப்பினார். முதலில் சிரித்தது மேலாளர்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் வாசலே சிரித்தது.

சத்தம் கேட்டுப் பெரியவள் ஓடி வந்தாள். கணவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"என்னங்க! யாரு உங்கள இங்க கூட்டிட்டு வந்தது?" மரத்தடியில் தங்கை கண்ணில் பட்டாள். "நீதானா? உனக்கு எவ்ளோ தைரியம்டீ!"

"சத்தியமா நான் கையத் தொடலக்கா. வாயக்கூடத் திறக்கல. அவரேதான் வந்தாரு."

"காலையில பத்திரமா விட்டுட்டு வந்த மனுஷன..." பெரியவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நான்தான் முடியாதுன்னு மத்தியானமே சொல்லிட்டேனே. எதுக்கு இந்த வேலை?"

அத்தானின் தோள் தொய்ந்தது. வந்த வழி முழுக்க இருந்த துள்ளல் ஒரே வார்த்தையில் இறங்கிவிட்டது.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னாங்க. நான்தான் அத இன்னும் மேல அனுப்பல. கை வரல." பெரியவள் பக்கம் திரும்பினார். "இப்ப உங்க வீட்டுக்காரர் என்கிட்ட வேற மாதிரி சொல்லிட்டாரு. ரெண்டுல எத அனுப்பட்டும்?"

பெரியவள் கணவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலாளரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மரநிழலில் நின்ற மற்றப் பெண்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள்.

"என்னைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அப்புறம் பதில் சொல்றேன்" என்று பெரியவள் பக்கத்தில் நின்ற பெண்ணின் காதில் கிசுகிசுத்தாள். "யாரும் சத்தம் போடாதீங்க."

"அண்ணே, உங்க வீட்டம்மா எங்கன்னு கண்டுபிடிக்கணுமாம்!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

சின்னவள் மரத்தடியிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். எல்லாம் வெள்ளைக் கோட்டு. எல்லாம் கொண்டை. அந்தத் தூரத்தில் குழாய்க்குள் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் நல்ல லென்ஸாகப் போட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அத்தான் குழாயை உயர்த்தினார். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒருத்தியைத் தாண்டினார். அடுத்தவளைத் தாண்டினார். வேர் ஒன்று காலில் தட்டியது. லேசாகத் தடுமாறிச் சமாளித்தார். குழாய் நின்றது.

நேரே நடந்து போய்ப் பெரியவள் முன்னால் நின்று, நீட்டியிருந்த அவள் கையைப் பிடித்தார்.

"எப்படிங்க?" என்றாள் பெரியவள்.

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தி மட்டும்தான், நான் எங்க விழுந்துருவேனோன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா."

பெண்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரியவள் அழுதாள், சிரித்தாள், அத்தானின் தோளில் ஓர் அடி போட்டாள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தாள்.

"ரெண்டாவதத்தான் அனுப்புங்கம்மா" என்றாள் மேலாளரிடம். "நான் ஏத்துக்கறேன்."

வாசல் கலகலத்தது. ஒவ்வொருத்தியும் குழாயை வாங்கிப் பார்த்தாள். ஒருத்தியின் கறுப்புக் குடை வெள்ளையாகிவிட்டதென்று ஒரே கூத்து. அத்தான் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றுகொண்டு, "இதுக்கு மூளை என் கொழுந்தியா. நான் வெறும் குழாய்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் நாலு பேரிடம் சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

கடைசியாகக் குழாய் மேலாளரின் கைக்கு வந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். இருட்டிய சாலையை, மரங்களை, தொலைவில் ஒரு வீட்டு வாசலை. கண்ணிலிருந்து எடுத்தபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்து, சின்னவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "உங்க அத்தானுக்கு இது எப்ப ஆரம்பிச்சுது? முதல்ல எப்படித் தெரிஞ்சுது?"

"ஆரம்பத்துல யாருக்கும் தெரியலம்மா. சாயங்காலம் ஆனா வெளிய வர மாட்டாரு. கூப்பிட்டா எரிஞ்சு விழுவாரு. சோம்பேறித்தனம்னு அக்கா சண்டைகூடப் போட்டிருக்கா."

மேலாளர் குழாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார்.

"எங்கப்பாவும் அப்படித்தான். பொழுது சாஞ்சா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திப்பாரு. யாரு வந்தாலும் கத்துவாரு. பொல்லாத மனுஷன்னு பேரு வாங்கிட்டாரு. பேரன் பேத்திங்ககூட இப்ப கிட்டப் போறதில்ல." கோட்டு நுனியால் குழாயின் முன்பக்கத்தைத் துடைத்தார். "நாங்க யாருமே அவர் கண்ணப் பத்தி யோசிச்சதில்லம்மா."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"வரமாட்டேங்கறாரு. நாளைக்குச் சாயங்காலம் நீ இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர முடியுமா?"

"கண்டிப்பா வரேம்மா."

"வர்றது அவருக்குத் தெரிய வேணாம்" என்றார் மேலாளர். "தெரிஞ்சா உள்பக்கமாப் பூட்டிக்குவாரு."